துணை ஏமாற்றினால் சிறையா, நஷ்டஈடா, விவாகரத்தா? ஒரு நாடு எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்

கணவரோ மனைவியோ வேறொருவருடன் உறவில் இருக்கிறார் என்று தெரியவருகிறது. அழுகையும் ஆத்திரமும் கொஞ்சம் அடங்கிய பிறகு பலருக்கும் வருகிற கேள்வி ஒன்றுதான்: "இதுக்கெல்லாம் சட்டம் இல்லையா?" போலீசில் புகார் கொடுக்கலாமா, நடுவில் வந்தவரை உள்ளே தள்ள முடியுமா என்று வக்கீலிடம் கேட்கத் தோன்றுவது இயல்பு.

பதில் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 2018 செப்டம்பர் 27 வரை அது குற்றம். அன்றைக்கு உச்ச நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவை ரத்து செய்தது. தென்கொரியா 2015-லும் தைவான் 2020-லும் அதே முடிவை எடுத்தன. பிலிப்பைன்ஸில் இன்றும் சிறைத்தண்டனை உண்டு. அமெரிக்காவின் சில மாநிலங்களில் சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் அதற்காக ஒருவர் தண்டிக்கப்பட்டார் என்று கேள்விப்படுவது அபூர்வம். இந்தோனேசியா எதிர்த்திசையில் போய், 2022 டிசம்பரில் நிறைவேற்றிய புதிய தண்டனைச் சட்டத்தில் திருமணமாகாதவர்களின் உறவையும் குற்றத்துக்குள் கொண்டுவந்தது.

இந்தியாவில் 2018 தீர்ப்போடு பேச்சு முடிந்துவிடவில்லை. 2023 நவம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று, திருமணம் என்ற அமைப்பைக் காக்க இதை மீண்டும் குற்றமாக்க வேண்டும், இந்த முறை ஆண் பெண் இருவருக்கும் பொதுவாக வைக்கலாம் என்று பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தக் குற்றம் இல்லை. ஆனாலும் யோசனை உயிரோடுதான் இருக்கிறது. அதனால் ஒரு நாட்டின் முன்னால் உண்மையில் என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் முயன்று பார்த்த இடங்களில் என்ன நடந்தது என்று எடுத்து வைத்துப் பார்க்கலாம் என நினைத்தேன்.

வழிகள் நான்கு. குற்றம் என்று அறிவித்து நிஜமாகவே தண்டிப்பது ஒன்று. குற்றம் என்று எழுதி வைத்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் விடுவது இரண்டாவது. சிறை வேண்டாம், நஷ்டஈடு கேட்கட்டும் என்பது மூன்றாவது. விவாகரத்து, ஜீவனாம்சம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நான்காவது.

நிஜமாகவே தண்டிப்பது

இதை மிகத் தீவிரமாக முயன்ற ஆட்சிகள் வரலாற்றில் உண்டு. ரோமில் அகஸ்டஸ் கி.மு. 18 வாக்கில் கொண்டுவந்த சட்டம், மனைவியின் உறவு தெரிந்தும் அவளை விலக்காமல் வைத்திருக்கும் கணவனையே குற்றவாளியாக்கியது. கணவனும் தந்தையும் 60 நாளுக்குள் வழக்குப் போடாவிட்டால் சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள்கூடப் போடலாம். மன்னிப்பதற்குக்கூட அனுமதி இல்லாத சட்டம் அது. கடைசியில் அகஸ்டஸ் தன் சொந்த மகள் ஜூலியாவையே கி.மு. 2-ல் தீவுக்கு நாடு கடத்த வேண்டி வந்தது.

இங்கிலாந்தில் மன்னராட்சி இல்லாதிருந்த இடைக்காலத்தில், 1650-ல், மரண தண்டனையே விதித்தார்கள். தண்டனை அவ்வளவு கொடுமையாக இருந்ததால் ஜூரிகள் குற்றவாளி என்று சொல்லவே தயங்கினார்கள். 1660-ல் மன்னர் திரும்பியதும் அந்தச் சட்டம் காலாவதியானது.

நம் காலத்தில் இதைச் சீரியஸாக நடத்திக் காட்டிய நாடு தென்கொரியா. 1953-ல் எழுதிய தண்டனைச் சட்டத்தில் கணவன், மனைவி, அவர்களோடு உறவு வைத்தவர் என எல்லோருக்கும் பொதுவாக இரண்டு ஆண்டு வரை சிறை வைத்தார்கள். பாரபட்சம் இல்லை. அதற்கு ஒரு நல்ல நோக்கமும் இருந்தது. சொத்தும் சம்பாத்தியமும் இல்லாத மனைவிமார்கள் கையில் ஒரு பிடிமானம் வேண்டும் என்று நினைத்தார்கள். வழக்குகளும் ஆயிரக்கணக்கில் நடந்தன. நிலைக்குழு கேட்ட பாலினப் பொதுச் சட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் இந்த நாட்டைத்தான் பார்க்க வேண்டும்.

அங்கே புகார் கொடுக்க வேண்டுமென்றால் விவாகரத்து வழக்கு போட்டிருக்க வேண்டும். புகாரைத் திரும்பப் பெற்றால் கிரிமினல் வழக்கும் விழுந்துவிடும். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். திருமணத்தைக் காப்பாற்றுவதற்கான சட்டம், திருமணத்தை முடித்துக்கொள்ள முடிவு செய்தவருக்கு மட்டுமே பயன்பட்டது. அதுவும் "இவ்வளவு தொகை கொடு, புகாரை வாபஸ் வாங்குகிறேன்" என்று பேரம் பேசுவதற்கு. அரசியல் சாசன நீதிமன்றம் 1990, 1993, 2001, 2008 என நான்கு முறை அந்தச் சட்டத்தைக் காப்பாற்றியது. 2008-ல் ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் அதற்கு எதிராக இருந்தும், ஆறு பேர் தேவை என்பதால் அது பிழைத்தது. 2015 பிப்ரவரி 26 அன்று ஏழு நீதிபதிகளுக்கு இருவர் என்ற கணக்கில் அது ரத்தானது. சட்டம் மிரட்டலுக்குப் பயன்படுகிறது என்பதும் பெரும்பான்மை சொன்ன காரணங்களில் ஒன்று.

தைவானில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம். அங்கேயும் சட்டம் எழுத்தில் சமமாகத்தான் இருந்தது, ஓராண்டு வரை சிறை. ஆனால் நடைமுறைச் சட்டத்தில் ஒரு சலுகை வைத்திருந்தார்கள். புகார் கொடுத்தவர் தன் துணை மீதான புகாரை மட்டும் திரும்பப் பெறலாம், மற்றவர் மீதான வழக்கு தொடரும். குடும்பம் சேரட்டும் என்ற எண்ணத்தில் வைத்த சலுகை. நடந்தது என்னவென்றால், மனைவிகள் கணவனை மன்னித்துவிட்டு எதிரில் இருந்த பெண்ணை மட்டும் கூண்டில் நிறுத்தினார்கள். இந்தக் குற்றத்துக்கு ஆணும் பெண்ணும் ஒவ்வொருவர் வேண்டும். இருந்தும் தண்டனை பெற்றவர்களில் பெண்களே அதிகம். 2020 மே மாதம் தைவானின் அரசியல் சாசன நீதிபதிகள் சட்டத்தை நீக்கியபோது இந்தக் கணக்கும் அவர்கள் முன்னால் இருந்தது. சட்டத்தில் "இருவருக்கும் பொது" என்று எழுதிவிட்டால் சமத்துவம் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

பாகிஸ்தானில் 1979-ல் கொண்டுவந்த ஹுதூத் என்ற இஸ்லாமியத் தண்டனைச் சட்டங்கள் இன்னும் கொடுமையான இடத்துக்குப் போயின. வல்லுறவு நடந்தது என்று புகார் சொல்லி, அதை நிரூபிக்க முடியாமல் போன பெண்களே தகாத உறவுக் குற்றத்துக்காகச் சிறை போனார்கள். 2006-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள்.

இந்தியாவில் இருந்தது எந்த வகை

497-வது பிரிவைப் பற்றி நம்மிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. துணைக்குத் துரோகம் செய்தால் தண்டனை என்று பலர் நினைத்திருந்தார்கள். அந்தச் சட்டம் சொன்னதே வேறு. மணமான ஒரு பெண்ணோடு, அவளுடைய கணவனின் சம்மதம் இல்லாமல் உறவு கொள்ளும் ஆணுக்கு ஐந்தாண்டு வரை சிறை. கணவன் சம்மதித்தால் குற்றமே இல்லை. ஒரு கணவன் மணமாகாத பெண்ணோடோ கணவனை இழந்தவரோடோ உறவு வைத்திருந்தால் அதுவும் குற்றம் இல்லை. ஏமாற்றப்பட்ட மனைவிக்குப் புகார் கொடுக்கும் உரிமையே கிடையாது. ஒரு ஆணின் உடைமையை இன்னொரு ஆண் தொட்டுவிட்டான் என்பதுதான் அதன் உள்ளே இருந்த எண்ணம்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மெக்காலே 1837-ல் தயாரித்த முதல் வரைவில் இந்தக் குற்றம் இல்லை. இந்தியாவில் பெண்கள் சிறுவயதிலேயே கட்டிக்கொடுக்கப்படுகிறார்கள், கணவன் வேறு மனைவிகளையும் வைத்துக்கொண்டு இவளைப் புறக்கணிக்கிறான், இந்த நிலையில் இருப்பவள் மீது தண்டனைச் சட்டத்தையும் சுமத்தக் கூடாது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. பின்னால் வந்த ஆணையர்கள் அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டு பெண்ணை விட்டுவிட்டு, ஆணை மட்டும் தண்டிக்கும்படி எழுதிச் சேர்த்தார்கள். பெண் மீது இரக்கப்பட்டு ஆரம்பித்த வாதம், பெண்ணை ஒரு பொருளாகப் பார்க்கும் சட்டத்தில் போய் முடிந்தது.

1985-ல் இந்தப் பிரிவைச் சரி என்று சொன்ன தீர்ப்பை எழுதியவர் ஒய்.வி. சந்திரசூட். 2018-ல் இதை ரத்து செய்த ஐந்து நீதிபதிகளில் ஒருவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட். முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒரு நாட்டின் பார்வை எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதற்கு அந்த ஒரு குடும்பமே சாட்சி. ராணுவம் மட்டும் தனி. அந்தத் தீர்ப்பு படைகளின் ஒழுங்கு நடவடிக்கையைத் தடுக்காது என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

எழுதி வைத்துவிட்டு விட்டுவிடுவது

"தண்டிக்காவிட்டால் என்ன, சட்டம் என்று ஒன்று இருந்தால் ஒரு பயம் இருக்குமே." இதைப் பலர் நடுநிலையான வழி என்று நினைக்கிறார்கள். நான்கில் மிக மோசமானது இதுதான் என்பது என் முடிவு. ஏன் என்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். 1907-ல் அங்கே இதைக் குற்றமாக்கினார்கள். மூன்று மாதம் வரை சிறை, 500 டாலர் அபராதம். 2024 நவம்பர் 22-ல் ஆளுநர் கேத்தி ஹோக்கல் கையெழுத்திட்டு அதை நீக்கினார். 1972 முதல் அதுவரை வழக்கு பதிவானவர்கள் சுமார் 12 பேர், தண்டனையில் முடிந்தவை ஐந்தே வழக்குகள். அரை நூற்றாண்டில், கோடிக்கணக்கான மக்கள் வாழும் மாநிலத்தில், அவ்வளவுதான்.

அந்தச் சட்டத்தின் காலத்தில் இன்னொரு விஷயமும் நடந்துகொண்டிருந்தது. 1960-களின் நடுப்பகுதி வரை நியூயார்க்கில் விவாகரத்து பெற ஒரே காரணம் இந்த உறவு மட்டுமே. அதனால் சுமுகமாகப் பிரிய விரும்பிய தம்பதிகள்கூட ஒரு நாடகம் போட்டார்கள். கணவர் ஓட்டல் அறையில் வாடகைக்கு வந்த ஒரு பெண்ணோடு உட்கார்ந்திருப்பார். சொல்லி வைத்தபடி புகைப்படக்காரர் கதவைத் திறந்துகொண்டு வருவார். அந்தப் படம் நீதிமன்றத்துக்குப் போகும், விவாகரத்து கிடைக்கும். யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு விவாகரத்துத் தீர்ப்பும் "இவர் குற்றம் செய்தார்" என்று நீதிபதியே எழுதிக் கொடுத்த ஆவணம். காவல்துறைக்கு வேறு ஆதாரம் தேவையே இல்லை. இருந்தும் அந்தத் தீர்ப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு போய் யாரும் கைது செய்யவில்லை.

காரணம் சோம்பேறித்தனம் இல்லை. இந்தக் குற்றத்துக்குப் பெரும்பாலும் சாட்சி கிடையாது. படுக்கையறைக்குள் போலீஸ் போவதை மக்களும் விரும்புவதில்லை. பாதிக்கப்பட்டவருக்கே முதல் கோபம் தணிந்ததும் வேறு கணக்கு வந்துவிடுகிறது. கணவர் சிறைக்குப் போனால் வேலை போகும், வேலை போனால் ஜீவனாம்சம் எங்கிருந்து வரும்? அமெரிக்காவில் இன்னொரு தயக்கமும் உண்டு. வயது வந்தவர்களின் அந்தரங்க உறவில் அரசு தலையிடுவதைக் கட்டுப்படுத்தி அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 2003-ல் ஒரு தீர்ப்பு தந்தது. அதற்குப் பிறகு இப்படி ஒரு வழக்கைக் கொண்டுபோனால் சட்டமே விழுந்துவிடலாம் என்பது அரசு வழக்கறிஞர்களுக்குத் தெரியும்.

சரி, பயன்படாத சட்டம் தூங்கிக்கொண்டே இருக்கட்டுமே, யாருக்கு நஷ்டம்? தூங்கும் சட்டத்தை எழுப்புவது எப்போதும் யாரோ ஒருவர், யாரோ ஒருவர் மேல் உள்ள கோபத்தில் எழுப்புவதாக இருக்கிறது. லட்சக்கணக்கானோர் செய்யும் ஒரு காரியத்துக்கு ஐந்து பேர் தண்டிக்கப்பட்டால், அந்த ஐந்து பேர் மற்றவர்களைவிடப் பெரிய தவறு செய்தவர்கள் இல்லை. மாட்டிக்கொண்டவர்கள், அவ்வளவுதான்.

விர்ஜினியாவில் இதன் இன்னொரு முகம் தெரிந்தது. அங்கே இந்தக் குற்றத்துக்கு 250 டாலர் வரை அபராதம் மட்டுமே. ஆனால் குற்றம் குற்றம்தானே. விவாகரத்து வழக்கில் "உங்களுக்கு அந்த உறவு இருந்ததா?" என்று கேட்டால், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயமில்லை என்ற அரசியல் சாசன உரிமையைச் சொல்லி வாயை மூடிக்கொண்டு 2020 வரை தப்பிக்க முடிந்தது. ஏமாற்றப்பட்டவரைக் காக்க வந்த சட்டம், ஏமாற்றியவருக்குக் கேடயமாகியிருந்தது.

பிலிப்பைன்ஸில் வலி இன்னும் அதிகம். மனைவி ஒரே ஒருமுறை உறவு கொண்டாலும் ஆறாண்டு வரை சிறை. கணவனைத் தண்டிக்க வேண்டுமானால் அவர் அந்தப் பெண்ணைக் குடும்ப வீட்டிலேயே வைத்திருந்தார், அல்லது ஊரறிய அவமானப்படும்படி நடந்துகொண்டார், அல்லது வேறிடத்தில் சேர்ந்து வாழ்ந்தார் என்று காட்ட வேண்டும், தண்டனையும் குறைவு. முஸ்லிம்களைத் தவிர மற்றவர்களுக்கு அங்கே விவாகரத்தும் கிடையாது. கணவன் விட்டுவிட்டுப் போய்ப் பத்தாண்டு ஆன பிறகு இன்னொருவரோடு வாழத் தொடங்கும் பெண்ணும் சட்டப்படி குற்றவாளிதான். பிள்ளைக்குச் செலவுக்குக் கேட்டால் "கேஸ் போடுவேன்" என்று சொல்ல அந்தக் கணவனுக்கு இது போதும். வழக்கு ஒன்றுகூடப் பதிவாகாமல் இந்தச் சட்டம் வேலை செய்துவிடும். எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள் என்ற கணக்கை மட்டும் வைத்து ஒரு சட்டத்தை எடைபோட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

நஷ்டஈடு

சிறையைவிட இது மென்மையானது. ஜப்பான் 1947-ல், அதுவரை மனைவிக்கு மட்டும் இருந்த தண்டனையை நீக்கியது. ஆனால் மன வேதனைக்காகத் துணையிடமும் மூன்றாம் ஆளிடமும் பணம் கேட்க அங்கே வழி உண்டு. கொரியாவிலும் சிறைத்தண்டனை ரத்தானபின் இந்த வழிதான் மிச்சம். இலங்கையில் விவாகரத்து வழக்கிலேயே மூன்றாம் ஆளைச் சேர்த்து நஷ்டஈடு கேட்கலாம். அமெரிக்காவின் வட கரோலினாவில் இது வேறு அளவில் நடக்கிறது. 2010-ல் ஒரு மனைவிக்கு, கணவரோடு உறவு வைத்திருந்த பெண் 90 லட்சம் டாலர் தர வேண்டும் என்று ஜூரி சொன்னது.

எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. வாக்குக் கொடுத்தவர் துணை. அதை மீறியவரும் அவரே. வழக்கின் பாரமோ வாக்கே கொடுக்காத ஒருவர் மேல் இறங்குகிறது. எதிராளிக்கு வசதி இருந்தால் மட்டுமே இதில் ஏதாவது கிடைக்கும். வழக்கு நடக்க நடக்க அந்தரங்கச் செய்திகள் எல்லாம் ஆவணமாகும், பிள்ளைகள் ஒருநாள் அதைப் படிப்பார்கள். தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம் 2015-ல் இந்த வழியையே மூடியது. ஒரு திருமணத்தைக் காப்பாற்றும் பொறுப்பு அந்த இருவருடையது, வெளி ஆள் மீதான வழக்கால் அது நிற்காது என்ற எண்ணம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. குடும்பப் பணத்தை அந்த உறவுக்காகச் செலவழித்திருந்தால் அது வேறு விஷயம். அந்தத் தொகையைச் சொத்துப் பிரிவினையில் கணக்கில் எடுத்துத் திருப்பித் தர வைப்பது நியாயம்.

விவாகரத்தோடு நிறுத்துவது

என் தேர்வு இதுதான். இந்தியாவில் இன்று இருப்பதும் ஏறக்குறைய இதுவே. இந்து திருமணச் சட்டப்படி, துணை வேறொருவரோடு விருப்பத்துடன் ஒருமுறை உறவு கொண்டாலும் விவாகரத்து கேட்கலாம். 1976-க்கு முன் தொடர்ந்து அப்படி வாழ்ந்தால் மட்டுமே கேட்க முடிந்தது. கிறிஸ்தவப் பெண்கள் 2001 திருத்தம் வரை, கணவனின் உறவோடு கொடுமை போன்ற இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. கணவனுக்கு அந்தச் சுமை இல்லை. இன்று அந்தப் பாகுபாடு போய்விட்டது. கிரிமினல் வழக்கில் போல் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவும் தேவையில்லை. நடந்திருக்கும் வாய்ப்பே அதிகம் என்று சூழ்நிலைகள் காட்டினால் போதும்.

உறவு குற்றமில்லை என்பதால் இரண்டாவது திருமணமும் செய்துகொள்ளலாம் என்று சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். இந்து, கிறிஸ்தவத் திருமணங்களிலும் சிறப்புத் திருமணச் சட்டப்படி நடந்தவற்றிலும், முதல் திருமணம் இருக்கும்போது இன்னொன்று செய்தால் ஏழாண்டு வரை சிறை இன்னும் உண்டு.

இந்த வழியிலும் ஓட்டைகள் இருக்கின்றன. ஜீவனாம்சம் கேட்கும் மனைவி "தகாத உறவில் வாழ்கிறார்" என்று காட்டினால் மாத ஜீவனாம்சம் மறுக்கப்படலாம். இது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்து புதிய சட்டத்துக்கு அப்படியே வந்துவிட்டது. ஒரே ஒருமுறை நடந்ததை வைத்து மறுக்க முடியாது, தொடர்ந்து அப்படி வாழ்ந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அப்படியும் பணம் தர மனமில்லாத கணவர் முதலில் எடுக்கும் ஆயுதம் இந்தக் குற்றச்சாட்டுதான். சில சமயம் குழந்தைக்கு மரபணுச் சோதனை வேண்டும் என்று கேட்கும் அளவுக்குப் போகிறது. துணையின் உறவை நிரூபிப்பதற்காக மட்டும் குழந்தையை வழக்கமாக அப்படிச் சோதிக்க உத்தரவிடக் கூடாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது பெரிய ஆறுதல். 497 போன பிறகும், ஒருவர் மனைவியைத் தவறான நோக்கத்தோடு ஆசைகாட்டி அழைத்துச் செல்வது என்ற பழைய குற்றம் நியாய சன்ஹிதாவின் 84-வது பிரிவாகத் தங்கிவிட்டது. ரத்தான பிரிவின் அதே உடைமை எண்ணம்தான் அதிலும் இருக்கிறது. அதையும் எடுத்துவிட வேண்டும் என்பேன்.

நடைமுறைக்கு வராத சட்டம் என்று எனக்குக் கவலை தருவது வேறொன்று. இந்து திருமணச் சட்டத்தின் 24-வது பிரிவில், வழக்கு நடக்கும்போதே தரவேண்டிய இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள் இயன்றவரை முடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அந்த மனுக்கள் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன என்று உச்ச நீதிமன்றமே 2020-ல் குறிப்பிட்டு, இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. "இதுக்கெல்லாம் சட்டம் இல்லையா?" என்று கேட்டு நிற்கும் ஒருவருக்கு அடுத்த மாத வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் எங்கிருந்து வரும் என்பதற்குப் பதில் சொல்லும் சட்டம் இதுதான். நிலைக்குழுவில் உட்கார்ந்து திருமணத்தைக் காக்க யோசிப்பவர்கள், அந்த 60 நாள் 60 நாளாகவே இருப்பதற்கு எத்தனை குடும்ப நீதிமன்றங்கள் வேண்டும், எத்தனை நீதிபதிகள் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கேட்கட்டும்.